அம்மாவுக்கு ஒரு புரோகிராம்!

மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்

‘கம்ப்யூட்டர் படிக்கிற பையன்’ என்று ஊரில் ஒரு தடவை பெயர் எடுத்துவிட்டால் போதும் தோழர்களே, அதற்கப்புறம் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது! பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் போனில் சத்தம் வரவில்லையா, அவனைக் கூப்பிடு. டி.வி.யில் படம் நிற்கிறதா, அவனைக் கூப்பிடு. ரேஷன் கார்டில் பேரனின் பெயரைச் சேர்க்க, கரண்ட் பில் கட்ட, எல்லாவற்றுக்கும் அவன்தான். “அது எங்க பாடத்துல இல்லீங்க” என்று சொல்லிப் பாருங்கள். “அப்ப மூணு வருசமா என்னதான்டா படிக்கிறே?” என்று ஒரே கேள்வியில் நம் வாயை அடைத்துவிடுவார்கள்.

அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ மில்லில் வேலை செய்கிறார். அம்மாவுக்கு அதே மில்லின் காயப்போடும் களத்தில் தினக்கூலி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று செய்தித்தாளில் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: “அதனால மழை பேயற அன்னிக்கும் கூலி குடுப்பாங்களா கண்ணு?” களம் காய்ந்தால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரியும். இது எங்கள் ஊர்ப் பக்கம் பல வீடுகளின் கதை.

இந்த வீட்டுக்குள் ஒரு லேப்டாப் வந்தது. புதிது அல்ல, சேலத்தில் வாங்கிய செகண்ட் ஹேண்ட். விலை 9,000 ரூபாய். அப்பாவின் தீபாவளி போனஸ் முழுக்க அதற்கே போனது. அந்த வருடம் வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை. எட்டாவது படிக்கும் என் தங்கை அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். நான் கீபோர்டு மேல் படாமல் பார்த்துக்கொண்டேன்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மா ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநர். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் நம் பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. எங்கள் தெருக் குழுவில் பன்னிரண்டு பேர். மாதச் சேமிப்பு ஆளுக்கு 100 ரூபாய். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்துக்கொள்வார்கள். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்.

சண்டை வந்ததே அந்த வட்டியால்தான்.

ஒரு கூட்டத்தில் ஒரு அக்கா 120 ரூபாய் வட்டி கட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கட்டியது 90 ரூபாய். இருவரும் வாங்கிய கடன் 12,000 தான். “ஆளுக்கொரு வட்டியா? ஊக்குநரோட சொந்தக்காரின்னா குறைச்சலா?” என்று கேட்டுவிட்டார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்த கூட்டத்தில் நோட்டை ஒப்படைத்துவிட்டு விலகப் போவதாகச் சொன்னார். நாலாம் வகுப்பு படித்த அம்மாவுக்குக் கணக்குத் தெரியும், அதை விளக்கத்தான் வார்த்தை வரவில்லை. குழுவில் அவருக்கு இருந்த ஒரே சொத்து நாணயம். அது போய்விட்டால் தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

உண்மையில் அந்தக் கணக்கு சரிதான். மாதம் 1,000 அசல் கட்டினால், முதல் மாதம் 12,000-க்கு வட்டி 120. அடுத்த மாதம் 11,000-க்கு 110. மூன்று தவணை கட்டியவருக்கு மீதி 9,000, வட்டி 90. இப்படிக் குறைந்துகொண்டே போய் ஒரு வருடத்துக்கு மொத்த வட்டி 780 ரூபாய் ஆகிறது. குறையாமல் மாதாமாதம் 120 வசூலித்தால் 1,440 ஆகியிருக்கும். 660 ரூபாய் வித்தியாசம்! மூன்று மாதம் முந்தி வாங்கியவருக்கு 90, இந்த மாதம் வாங்கியவருக்கு 120. அவ்வளவுதான் ரகசியம்.

இதை ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தாளில், தமிழில், மாதவாரியாக அச்சடித்துக் கொடுத்தால் என்ன? இரண்டாம் ஆண்டில் படித்த பைத்தான் எதற்கு இருக்கிறது? உட்கார்ந்தேன்.

கணக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. தமிழ்தான் ஒரு வாரம் இழுத்தது தோழர்களே! ‘கொ’ என்ற எழுத்து நம் கண்ணுக்கு மூன்று துண்டு: கொம்பு, க, கால். கணினியின் யூனிகோடு முறையில் அது இரண்டே குறி. முதலில் ‘க’, பிறகு ‘ஒ’வின் துணைக்குறி. திரையில் வரையும்போதுதான் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைக்க வேண்டும். நான் பி.டி.எஃப். செய்யப் பயன்படுத்திய மென்பொருளுக்கு அந்த வித்தை தெரியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறி வந்தது. பிரவுசருக்கு அந்த வித்தை தெரியும். அதனால் கணக்கை ஒரு வலைப்பக்கமாக எழுதி, பிரவுசரிலிருந்தே பிரிண்ட் கொடுத்தேன். எழுத்தெல்லாம் ஒழுங்காக வந்து நின்றது.

அம்மா தாளை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு கேட்டார்: “பேரு வரிசை ஏன்டா மாறிக் கெடக்குது?”

அகர வரிசையில்தான் அடுக்கியிருந்தது கம்ப்யூட்டர். ஆனால் ‘கனகா’ முன்னே வந்திருந்தது, ‘கமலா’ பின்னே. “அரிச்சுவடியில ‘ன’தானே கடைசி எழுத்து? எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு” என்றார் அம்மா.

ஆடிப்போனேன்! இணையத்தில் தேடினேன். அம்மா சொன்னதே சரி. யூனிகோடின் தமிழ்க் கட்டம், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த பழைய குறியீட்டை ஒட்டி அமைந்தது. அதனால் ‘ந’வுக்கு அடுத்த வீட்டில் ‘ன’ குடியிருக்கிறது, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’. கணினி அந்த எண் வரிசையில் அடுக்குகிறதே தவிர நம் அரிச்சுவடி அதற்குத் தெரியாது. மெய்யெழுத்துகளின் வரிசையை நானே பட்டியல் போட்டுக் கொடுத்த பிறகுதான் கமலா முன்னே வந்தார். நாலாம் வகுப்புப் படிப்பு டிப்ளமோ படிப்புக்குப் பாடம் எடுத்தது என்றால் அது மிகையாகாது.

இந்த வேலையின்போதுதான் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இன்று நாம் போனில் தமிழைத் தட்டுகிறோமே, அது தானாக வந்ததா? இல்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே கணினியில் தமிழுக்காக ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்ற ஆசிரியர், எழுத்தாளர், 1995-ல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி ‘தமிழ்99’ விசைப்பலகை தீர்மானமாயிற்று.

இவர்களில் என் மனதைத் தொட்டவர் அதிராம்பட்டினத்துக்காரர் உமர்தம்பி. மின்னணுவியல் தெரிந்தவர். பிழைப்புக்காகத் துபாய்க்குப் போனார். கணினியைத் தானாகவே கற்றுக்கொண்டார். வேலை, குடும்பம் போக மிச்சமான நேரத்தில் ‘தேனீ’ என்ற யூனிகோடு எழுத்துருவையும், பழைய குறியீட்டுத் தமிழை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளையும் செய்தார். தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில் அவை எத்தனையோ பேருக்குத் தமிழைக் கண்ணில் காட்டின. எல்லாவற்றையும் இலவசமாகவே கொடுத்தார். 2006 ஜூலையில் காலமானார். 2010-ல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது அங்கே ஓர் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். பெரிய கம்பெனி இல்லை, பெரிய பட்டம் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு மனிதரின் மாலைப் பொழுதுகள்! நம் வீட்டு மாலைப் பொழுதுகளை நினைத்துப் பார்த்தேன்.

சரி, குழுக் கூட்டத்துக்கு வருவோம். ஆத்தூர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அம்மா பன்னிரண்டு தாளையும் பாயில் பரப்பினார். கேள்வி கேட்ட அக்காவே தன் தாளையும் பக்கத்துக்காரர் தாளையும் அருகருகே வைத்து, நாலாவது வரியில் விரலை வைத்தார். “அட, நாலாம் மாசம் எனக்கும் 90 தானா!” என்று சிரித்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. நோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வழக்கம்போல் வருகைப் பதிவைப் படிக்க ஆரம்பித்தார். அவர் இன்றும் ஊக்குநர்தான்.

அப்பாவோ லேசில் மசிகிறவர் அல்ல. “இதுக்கு யாராச்சும் பணம் குடுத்தாங்களா?” என்றார். “இல்லப்பா.” “அப்புறம் எதுக்கு ராத்திரி பூரா கரண்டு?” நியாயமான கேள்விதான். தங்கையின் படிப்பு இருக்கிறது. லேட்ரல் என்ட்ரியில் பி.இ. சேர்வதா, ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போவதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் நாலு நாள் கழித்து அவரே ஒரு கசங்கிய சிட்டையை நீட்டினார். அவர் கை எழுத்தில் ஒரு மாத ஓவர்டைம் கணக்கு. “இதையும் அந்த மாதிரி போட்டுக் குடு, பாப்போம்.” போட்டுக் கொடுத்தேன். கூட்டிப் பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்பாவிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் சர்டிபிகேட் அது!

தோழர்களே, புராஜெக்ட் என்றதும் நாம் எல்லோரும் சீனியர்களின் பழைய ரிப்போர்ட்டைத் தேடி ஓடுகிறோம். லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் என்று அதே தலைப்புகள். நம் வீட்டுத் திண்ணையிலேயே எத்தனை புராஜெக்ட் உட்கார்ந்திருக்கிறது! பால் சொசைட்டிக் கணக்கு, தறிக் கூலி, லாரி டீசல் கணக்கு, கிழங்கு லோடு எடைச் சீட்டு... மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்களுக்கும் உங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று காத்திருக்கும். கேட்டுப் பாருங்கள். “மூணு வருசமா என்னதான்டா படிக்கிறே?” என்று கேட்பவர்களிடம் வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தாளை நீட்டுவோம், அவர்களே படித்துக்கொள்ளட்டும். அது அவர்கள் படிக்கத் தெரிந்த எழுத்தில் இருக்கட்டும்!