தொண்ணூற்றாறு குழிகள்

எங்கள் வீட்டுப் பூனை குஞ்சலம் 2013-ஆம் வருஷம் இறந்து போயிற்று. வயது பத்து மாதம். வயிறு மட்டும் பானை போல உப்பியது. மற்ற உடம்பெல்லாம் எலும்பு. மிருக வைத்தியர் ஊசியால் குத்தி, தேன் நிறத்தில் நீரை எடுத்துக் காட்டினார்.

"பூனைக்கு வருகிற கொரோனா வைரஸ், ஸார். பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். சில பூனைகளின் உடம்புக்குள் அது குணம் மாறி இப்படி ஆகிவிடுகிறது. மருந்து கிடையாது" என்றார். அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏன் அப்பா கிடையாது?" என்று கேட்டாள் என் பெண். அவளுக்கு அப்போது எட்டு வயது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதற்கு என்ன பதில் தெரியும்? "கிடையாதும்மா" என்றேன்.

பாஸ்டன் நகரத்தில் ஜீன் ஹோல்ஸ்வொர்த் என்ற அம்மையார் 1963-லேயே இந்த வியாதியை விவரித்துவிட்டார். பிறகும் ஐம்பது வருஷம் மருந்து வராத காரணம், சமீபத்தில் சில ஆராய்ச்சிகளைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

சோதனைச்சாலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சின்னக் குழிகள். நம் பணியாரச் சட்டிக்குப் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழியிலும் பூனையின் சிறுநீரக உயிரணுக்களை வளர்க்கிறார்கள். 1960-களில் ஒரு பூனைக்குட்டியிடமிருந்து எடுத்தவற்றின் வம்சம் அது! அதில் வைரஸை விட்டு, மருந்தையும் விடுகிறார்கள். சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவுகிறார்கள். பிழைத்த உயிரணுக்கள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். செத்தவை தண்ணீரோடு போய்விடும்.

வைரஸைக் கொல்வது பெரிய காரியமில்லை. பினாயிலே போதும், ஆனால் உயிரணுவும் கூடவே சாகும். வைரஸுக்குச் சொந்தப் பட்டறை கிடையாது. பிறத்தியார் வீட்டில் புகுந்து அவர்கள் சாமான்களைக் கொண்டே பெருகுகிற ஜன்மம் அது. திருடனை அடிக்க வேண்டும். வீடு இடியக் கூடாது. ஆகையால் வைரஸ் இல்லாத குழிகளிலும் அதே மருந்தை ஊற்றிப் பார்க்கிறார்கள். வைரஸை ஒடுக்கும் அளவுக்கும், உயிரணுவைக் கெடுக்கும் அளவுக்கும் நடுவே நல்ல தூரம் இருந்தால்தான் அது மருந்து. இல்லாவிட்டால் விஷம்.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் இப்படி 89 சரக்குகளைச் சோதித்து, 25 வைரஸை எதிர்க்கின்றன என்று 2022-ல் எழுதினார்கள். அதற்கு முன்பே அங்கே தேறியது ஜி.எஸ்.-441524. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது, சரியான எழுத்து என்று நம்பி இந்தப் போலி எழுத்தைச் சேர்த்துவிடும். பிரதி பாதியில் நின்றுவிடும். 2019-ல் வெளியான ஆராய்ச்சியில், வீடுகளில் வளர்ந்த 31 நோயாளிப் பூனைகளில் 25 பிழைத்திருந்தன.

இதையெல்லாம், இப்போது கல்லூரிக்குப் போகும் என் பெண்ணிடம் உற்சாகமாகச் சொன்னேன். குழியில் தேறியதும் நேரே வீட்டுப் பூனைக்குக் கொடுத்துவிடவில்லை என்றும் சொன்னேன். முதலில் சோதனைச்சாலைப் பூனைகளுக்கு வேண்டுமென்றே நோயை உண்டாக்கி, நோய் கண்ட பத்துக்கும் மருந்து கொடுத்தார்கள், பத்தும் தேறின. 2018-ல் வந்த செய்தி அது.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பத்துக்கும் பேர் இருந்ததா, அப்பா?" என்றாள்.

"கிடையாதும்மா" என்று இந்தத் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.