தண்ணீரின் மேல் ஒரு புகார்

உத்தரவாத அட்டைகளில் 'விலக்குகள்' என்றொரு பகுதி உண்டு. எலி கடித்தால், மின்னழுத்தம் ஏறினால், கடின நீர் புகுந்தால் நிறுவனம் பொறுப்பேற்காது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கடைசி இனம் மற்ற ஊர்களில் விலக்காக இருக்கலாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அதுவே விதி.

எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்துக்கு இரண்டாண்டு உத்தரவாதம். அது முடிய நான்கு மாதங்கள் இருக்கையில், துணி பிழியும் நேரத்தில் கல் உருட்டுவதுபோல் ஓசை எழத் தொடங்கிற்று. பிறகு தொட்டியே ஒரு பக்கம் சாய்ந்தது. நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்குச் சொல்லி, மூன்று முறை தேதி தள்ளிப்போன பின் மெக்கானிக் ஒருவர் வேலூரிலிருந்து வந்தார். கழற்றிக் காட்டினார். சூடேற்றும் கம்பியின்மேல் சுண்ணாம்புபோல் வெள்ளைப் படிவு. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியைப் பின்னாலிருந்து தாங்கும் அலுமினிய முக்கைத் தாங்கி பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, ஒரு கை முறிந்திருந்தது.

"மெஷின் மேல தப்பு இல்ல சார், தண்ணி மேலதான்" என்றார். பையிலிருந்த சிறு கருவியைக் குழாய்த் தண்ணீரில் அமிழ்த்தினார்: கரைந்த உப்புகள் லிட்டருக்கு 1,850 மில்லிகிராம். 'கடின நீர், உத்தரவாதம் பொருந்தாது' என்று எழுதிக் கையொப்பம் கேட்டார். பழுது நீக்கப் பதினோராயிரம் ரூபாய் ஆகுமாம். நாங்கள் கையொப்பமிடவில்லை, அறிக்கையின் நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

அடுத்த வீட்டுப் பெரியவர் முப்பது ஆண்டுகள் டேனரியில் டிரம் ஓட்டியவர். நாங்கள் அவரைப் பாய் என்றே அழைப்பது. முறிந்த தாங்கியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சுண்ணாம்பு தின்னது இல்ல தம்பி, உப்பு தின்னது" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் வழக்கைத் திருப்பிற்று.

நீரின் கடினத்தன்மை கால்சியம், மக்னீசியத்தால் வருவது. இந்தப் பகுதியின் பாறையிலேயே அதற்குக் காரணம் உண்டு. அது படிவாகிறது. சோடியம் குளோரைடு என்கிற சாதாரண உப்போ படிவதில்லை. அலுமினியத்தை அரிக்கிறது, எஃகோடு சேர்ந்திருந்தால் இன்னும் விரைவாக. மெக்கானிக்கின் கருவி கரைந்திருப்பவற்றின் மொத்தத்தைக் காட்டுமே தவிர, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

பாலாற்றங்கரைக் கிணறுகளில் இவ்வளவு உப்பு சேர்ந்தது எப்படி? பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டே அதை டேனரிக்குக் கொண்டுவருகிறார்கள். முதல் வேலையாக ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் கழிவு நீரில் இறங்குகிறது. வழக்கமான சுத்திகரிப்பு கரிமக் கழிவைக் குறைக்கும். கரைந்த உப்பை அகற்றாது. அதற்கென்று எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் கலன்களும் பிற்பாடு வந்தன. அதற்கு முன் பல்லாண்டுகள் ஆற்றிலும் ஓடையிலும் விட்டது நிலத்தடியில் தங்கிவிட்டது.

இதைத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிற்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை அது எடுத்துரைத்தது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்பதை நாட்டின் சட்டமாக ஏற்றது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவர் எவரும் இத்தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது.

நாங்கள் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். மூன்றே செய்திகள். ஒன்று, உங்கள் அட்டை விலக்குவது கடின நீரை. உங்கள் ஆள் அளந்தது கடினத்தன்மையை அன்று. இரண்டு, இயந்திரத்தை நிறுவிய நாளிலேயே உங்கள் ஆள் இதே கருவியால் அளந்து சீட்டில் குறித்திருக்கிறார். ஓர் எச்சரிக்கையும் சொல்லவில்லை. மூன்று, மாற்று நீராதாரம் இல்லாதபோது லிட்டருக்கு 2,000 மில்லிகிராம்வரை கரைந்த உப்புள்ள நீரைக் குடிக்கவே இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. மனிதர் குடிக்கலாகும் நீரில் துணி துவைக்க இயலாத இயந்திரத்தை இவ்வூரில் விற்பது முறையா? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பதையும் கீழே சேர்த்தோம்.

இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' தாங்கியும் தொட்டியும் இலவசம். சூடேற்றும் கம்பியும் கூலியும் எங்கள் பொறுப்பு. ஏற்றுக்கொண்டோம். இப்போது கடைசி அலசலுக்கு மட்டும் காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து ஊற்றுகிறோம்.

பாதி வெற்றி என்று நண்பர்கள் பாராட்டினார்கள். எங்களுக்கு மகிழ்ச்சி நிற்கவில்லை. தென்னை பட்ட தோப்பும், நெல் விட்டுப்போன வயலும் வைத்திருப்பவருக்கு உத்தரவாத அட்டை ஏது, வந்து பார்க்க மெக்கானிக் ஏது? 1996இல் ஈடு செய்யச் சொன்ன உச்ச நீதிமன்றமே 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் ஒரு தீர்ப்பில், விடுபட்டவர்களுக்கு இழப்பீட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கட்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள்.

எங்கள் கடிதத்துக்கு இருபது நாளில் பதில் கிடைத்ததென்றால், நாங்கள் ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவர்கள் என்பதால்தான். கிணற்றை யாரும் கடையில் வாங்கவில்லை.