நீங்கினோர் சாட்சியம்

ஒரு சபையின் இயல்பை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அதன் தலைவரைக் கேட்கின்றனர். அல்லது அதில் இருப்போரைக் கேட்கின்றனர். தலைவர் தம் சபையைப் புகழ்வார். இருப்போர் தம் தலைவரைப் புகழ்வர். எதிரிகளிடம் போனாலோ வசையே கிடைக்கும். இம்மூவரினும் நம்பத்தக்க சாட்சி ஒருவர் உண்டு. அவர் ஒரு காலத்தில் உள்ளே இருந்து, பொருளும் உழைப்பும் கொடுத்து, பின்னர்ப் படியிறங்கி வந்தவர். அவரைத் துரோகி என்றும் நிலையில்லாதவர் என்றும் ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நம் ஜனங்களின் வழக்கம். அங்ஙனம் தள்ளுவது நியாயமன்று என்பதும், அவர் சொல்லில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

இதற்கு உதாரணமாக, அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ ஸ்தாபனத்தை எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்து மதத்தை இகழ்வது என் நோக்கமன்று. அம்மதத்தின் ஏனைய சபையார் பலரும் இந்த ஸ்தாபனத்தை ஏற்றதில்லை. ‘உலகளாவிய தேவசபை’ என்ற அதன் பெயரை நம் நாட்டில் அறிந்தோர் சிலரே. ஆனால் அது வெளியிட்ட ‘பிளெயின் ட்ரூத்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையை, ஒரு தலைமுறைக்கு முன் ஆங்கிலம் கற்றவர்களில் பலர் அறிவர்.

என் தந்தையாரும் தோட்டத்துக் கிராணியாக இருந்தவர். விலாசம் எழுதிக் கடிதம் ஒன்று போட்டதன் மேல், சந்தா ஏதுமின்றி அப்பத்திரிகை அவருக்கு வந்துகொண்டிருந்தது. வழவழப்பான தாள், வர்ணப் படங்கள், உலக நடப்புகளைப் பற்றிய கட்டுரைகள் யாவும் இலவசம். அவர் அதை மதத்துக்காகப் படித்தவர் அல்லர், ஆங்கிலத்துக்காகப் படித்தவர். அரிய சொற்களின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் தமிழில் பொருள் எழுதி வைப்பார். அந்தப் பழைய கட்டுகளைப் புரட்டியே நானும் ஆங்கில வாசிப்பில் வேகம் பெற்றேன். அவ்வகையில் எனக்கு அப்பத்திரிகையின் மேல் மனக்குறை ஏதுமில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தின் முன் அமரும் உத்தியோகத்துக்கு வந்தபின் ஒரு கேள்வி எழுந்தது: இலவசம் என்பது வாங்குபவனுக்குத்தானே? கொடுத்தவன் யார்? அக்கேள்விக்கு விடையை அச்சபையை விட்டு நீங்கினோர் எழுதிய எழுத்துகளில் கண்டேன்.

முதலில் வரலாற்றைச் சுருங்கச் சொல்வேன். ஸ்தாபகர் ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் 1892இல் பிறந்தவர். விளம்பரத் தொழிலில் இருந்தவர். 1926இல் அவர் மனைவியார், சனிக்கிழமையே உண்மையான ஓய்வுநாள் என்று நம்பத் தொடங்கினார். அதை மறுப்பதற்காகவே வேதாகமத்தை ஆராயப் புகுந்து, முடிவில் தாமும் அக்கொள்கைக்கே வந்ததாக அவர் எழுதியிருக்கிறார். 1934இல் ஆரகன் மாகாணத்து யூஜீன் நகரில் வானொலிப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டே சுமார் 250 கையச்சுப் பிரதிகளுடன் பத்திரிகை பிறந்தது. 1947இல் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் ஒரு கல்லூரி எழுந்தது. 1980-களின் நடுவில் பத்திரிகை 80 லட்சம் பிரதிகளை எட்டியது. சபைக்கு வருவோரோ ஏறத்தாழ 150,000 பேரே. இச்சிறு கூட்டமும் அதைச் சார்ந்த ஆதரவாளருமே அவ்வளவு பெரிய அச்சுச் செலவைத் தாங்கினர்.

தாங்கிய விதம் கேளுங்கள். மாதம் 100 வெள்ளி வாங்கும் ஒருவன் கணக்காக அதை எழுதிப் பார்க்கிறேன். முதற் பத்து வெள்ளி தசமபாகமாகத் தலைமையகத்துக்குப் போகும். இரண்டாவது பத்து வெள்ளியைச் சபை நியமித்த திருவிழாக்களின் செலவுக்கென்று அவனே ஒதுக்கி வைக்கவேண்டும். ஏழாண்டுச் சுற்றில் மூன்றாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும், விதவைகளுக்கும் எளியவர்களுக்கும் என்று மூன்றாவது பத்து வெள்ளி. இவையன்றி, ஆண்டின் ஏழு புனித நாள்களிலும் காணிக்கை. அதற்கும் மேல், அவசரத் தேவை என்று தலைவரிடமிருந்து வரும் கடிதங்கள். மூன்றாம் ஆண்டு வந்தால் வீட்டில் உணவும் உடையும் சுருங்கியதைப் பிள்ளைகளாய் இருந்து கண்டவர்கள் முதுமையிலும் மறக்கவில்லை. விதவைக்கு உதவும் பொருட்டு ஓர் ஏழைக் குடும்பத்தை இன்னும் ஏழையாக்கும் தருமம் என்ன தருமம் என்று அவர்கள் கேட்கின்றனர்.

ஆயினும் பணத்தைப் பற்றிய வருத்தம் அவர்களுக்கு இரண்டாவதே. முதல் வருத்தம் காலத்தைப் பற்றியது. 1956இல் ‘தீர்க்கதரிசனத்தில் 1975’ என்ற பொருள்படும் சிறு நூலொன்றைச் சபை வெளியிட்டது. உலகுக்கு வரப்போகும் கொடுந்துன்பங்களைப் பேசில் உல்வர்ட்டன் என்ற சித்திரக்காரர் பார்ப்போர் நடுங்கும்படி அதில் வரைந்திருந்தார். 1972இன் தொடக்கத்திலேயே சபையார் மட்டும் ஒரு பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு செல்லப்படுவர் என்றும், அவ்விடம் யோர்தான் நாட்டுப் பெட்ராவாக இருக்கலாம் என்றும் அங்கத்தினரிடையே எதிர்பார்ப்பு வளர்ந்தது. உலகம் முடியப்போகும்போது மேற்படிப்பு எதற்கு? வீடு எதற்கு? முதுமைக்குச் சேமிப்பு எதற்கு? இங்ஙனம் எண்ணி வாலிபத்தைக் கழித்தவர்கள், 1972ம் 1975ம் மற்ற ஆண்டுகளைப் போலவே வந்து போனதைக் கண்டனர். பணத்தை மீண்டும் ஈட்டலாம். இருபது வயதை மீண்டும் ஈட்ட முடியுமா?

நமக்கு மிகவும் நெருங்கிய விஷயம் ஒன்றுண்டு. இஸ்ரவேலின் காணாமற்போன கோத்திரத்தார் ஆங்கிலேயரும் அமெரிக்கருமே என்பது ஆம்ஸ்ட்ராங்கின் முக்கியப் போதனை. ஆபிரகாமின் சந்ததியார் பகைவரின் வாசல்களைச் சுதந்தரிப்பர் என்ற வாக்குக்கு ஜிப்ரால்டரையும், சூயஸையும், பனாமாவையும், நமது சிங்கப்பூரையும் அவர் சாட்சியாகக் காட்டினார். அந்த வாசல் 1942 பிப்ரவரி 15இல் ஜப்பானியர் கைக்குப் போனதை நம் பாட்டன்மார் கண்ணாரக் கண்டனர். அவர் வகுத்த கணக்கின்படி, ஆங்கிலேயர் இத்தகைய வாசல்களை இழந்தது அவர்கள் செய்த பாவத்துக்குத் தண்டனை. அப்படியானால் நாம் பெற்ற விடுதலை, பிறருடைய தண்டனைக் கணக்கில் ஒரு வரி மட்டுமே! வெள்ளையரும் மற்ற இனத்தாரும் மணம் புரிதல் ஆகாது என்ற போதனையும் அச்சபையில் நெடுங்காலம் இருந்தது. சாதியின் பேரால் நம்மவர் செய்வதை அங்கே வேதத்தின் பேரால் செய்தனர்; வேறுபாடு அவ்வளவே.

குடும்பங்களுள்ளும் சபையின் கை நுழைந்தது. முன்பு மணமாகி விவாகரத்துப் பெற்று மறுமணம் செய்தவர்கள், முதல் மணமே செல்லும் என்ற விதியால் பிரிந்து வாழ நேர்ந்தது. 1974இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. அதற்குள் பிரிந்தவர்களின் ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது? தலைவரோ 1977இல், தமது 84ஆம் வயதில், விவாகரத்தான ஓர் இளைய மாதை மணந்தார்; 1984இல் அவரையும் விவாகரத்துச் செய்தார். மணம் செய்ததும் பிரிந்ததும் அவரவர் உரிமை. ஆனால் ஊருக்குத்தான் உபதேசம் என்று பெரியோர் சொன்னது நினைவுக்கு வருகிறதல்லவா? அவருக்குப்பின் பட்டத்துக்கு வருவார் என்று எண்ணப்பட்ட மகன் கார்னர் டெட், நடத்தை குறித்து 1972இல் சிலகாலம் விலக்கி வைக்கப்பட்டு, 1978இல் தந்தையாலேயே வெளியேற்றப்பட்டார். அவர் உடனே தமக்கென வேறொரு சபை தொடங்கினார்.

1974இல் போதகர் பலர் வெளியேறினர். 1976இல் பாசடீனாக் கல்லூரியின் முன்னாள் மாணவர் சிலர் ‘அம்பாசிடர் ரிப்போர்ட்’ என்ற பெயரில், தாம் உள்ளே கண்டவற்றை வெளியிடத் தொடங்கினர். சதுரங்க வீரர் பாபி ஃபிஷர் 1972இல் உலகப் பட்டம் வென்று பெற்ற பரிசிலிருந்து பெருந்தொகையைச் சபைக்கு அளித்தவர். பின்னர் அவரும் வெறுத்து நீங்கினார். பத்துப் பதினைந்து நகர்த்தல்களுக்கு அப்பால் பார்க்கவல்ல மூளையும் அங்கே கட்டுண்டு கிடந்தது. ஆதலின் ஏமாந்தவரெல்லாம் மூடர் என்று நகைப்பது அறியாமை. ஆங்கிலக் கல்வி ஒன்றே நம்மைக் காக்கும் என்று இறுமாந்திருக்கும் என் போன்ற உத்தியோகஸ்தர் இதை ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

1979 ஜனவரியில், முன்னாள் அங்கத்தினர் சிலர் கூறிய பணக் குற்றச்சாட்டுகளின் பேரில், கலிபோர்னியா அரசாங்கம் நீதிமன்ற ஆணை பெற்றுச் சபையின் நிர்வாகத்தைத் தற்காலிகமாகப் பிறரிடம் ஒப்புவித்தது. அங்கத்தினர் திரளாகத் தலைமையகத்துள் அமர்ந்து எதிர்த்தனர். சட்டம் மாறியதால் 1980இல் வழக்குக் கைவிடப்பட்டது. குற்றம் மெய்யா பொய்யா என்று தீர்ப்பு வரவேயில்லை. இதையும் சொல்வதே நடுநிலை.

நீங்கினோரின் நடுநிலையையும் சொல்லவேண்டும். அவர்களுள் பலர் அச்சபையில் பெற்ற நன்மையை மறைப்பதில்லை. இலையுதிர்காலத்தில் எட்டு நாள் நடக்கும் கூடாரப் பண்டிகைக்குக் குடும்பத்தோடு போனதும், எந்த ஊருக்குப் போனாலும் தங்க ஒரு வீடு இருந்ததும், வேதாகமத்தைத் தாமே திறந்து படிக்கும் பழக்கம் வந்ததும் இனிய நினைவுகள் என்கின்றனர். கிறிஸ்துமஸும் பிறந்தநாளும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த எட்டு நாளே ஆண்டின் இன்பம். தாம் நேசித்த ஒன்றைப் பற்றி மனம் நொந்து பேசுவதனாலேயே அவர்கள் சொல்லுக்கு எடை உண்டு.

இனிச் சொல்லப்போவதே இவ்வரலாற்றில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஆம்ஸ்ட்ராங் 1986 ஜனவரியில் இறந்தார். அவருக்குப்பின் வந்த ஜோசப் டகாச், பழைய கொள்கைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1994 டிசம்பரில், ஓய்வுநாளும் தசமபாகமும் கிறிஸ்தவனைக் கட்டுப்படுத்தும் விதிகள் அல்ல என்று வெளிப்படையாக அறிவித்தார். அவர் மகன் 1996இல் அதே பத்திரிகையில் பழைய தவறுகளுக்காக மன்னிப்புக் கேட்டு எழுதினார். அவ்வாறு தன் பிழையைத் தானே ஒப்பும் ஸ்தாபனங்கள் உலகில் மிக அரியவை. பலன் யாது? விடுதலை கிடைத்தது என்று எல்லாரும் மகிழ்ந்தனரா? இல்லை. சில ஆண்டுகளுக்குள் கூட்டம் பாதிக்கும் கீழாயிற்று. வருமானம் சரிந்தது, கல்லூரி 1997இல் மூடப்பட்டது. சபையும் 2009இல் பெயரை மாற்றிக்கொண்டது. வெளியேறியவருள் பல்லாயிரவர், பழைய கொள்கைகளை அப்படியே போதிக்கும் புதிய சபைகளை நாடினர்.

பொய்யைக் கண்டு நீங்கியவர் ஆயிரம். மெய்யைக் கேட்டு நீங்கியவர் பல்லாயிரம்! இதன் காரணம் யாது? முப்பதாண்டு பொருளையும் வாழ்நாளையும் கொடுத்தவனிடம் வந்து, கணக்குத் தவறு என்று சொன்னால், அவன் கணக்கை மறுப்பானேயன்றித் தன் முப்பதாண்டை மறுக்கத் துணியமாட்டான். கேள்வி கேட்கும் பழக்கத்தை ஒருமுறை பிறர் கையில் ஒப்படைத்தவனுக்கு, அது திரும்பக் கிடைத்தபோதும் கனமாகவே இருக்கிறது. சுமக்க இயலாமல், அதை வாங்கிக்கொள்ள வேறொருவரைத் தேடுகிறான். எனவே நீங்கினோர் எல்லாரும் விடுதலை பெற்றவர் அல்லர். சிலர் சங்கிலியை அறுத்தவர். சிலர் தூணை மட்டும் மாற்றிக்கொண்டவர். தூணை மாற்றியவரை நாம் பழிக்கவேண்டியதில்லை. தாமே தனித்து நின்று, நண்பரை இழந்து, பழைய பண்டிகை நாள்களில் வெறும் வீட்டில் அமர்ந்திருந்து, கேள்வி கேட்பதை முதலிலிருந்து கற்றவரை மட்டும் மதிக்கவேண்டும்.

அன்பர்களே! இது அமெரிக்காவின் கதை என்று மடித்து வைத்துவிடாதீர்கள். கோயில் கமிட்டி, சங்கம், தொழிற்சங்கம், சீர்திருத்த இயக்கம் என நாமும் பலவற்றில் அங்கத்தினராய் இருக்கிறோம். அவற்றைச் சோதிக்க நான்கு கேள்விகள் போதும். வரவு செலவு எல்லார் முன்னிலும் படிக்கப்படுகிறதா? எழுந்து நின்று கேட்பவனுக்கு விடை கிடைக்கிறதா, முத்திரை கிடைக்கிறதா? தலைவர் சொன்னது நடவாதபோது, நடவில்லை என்று அவரே சொல்கிறாரா? நான்காவது கேள்வியே எனக்குத் தலையாயதாகத் தோன்றுகிறது: விலகிப் போனவன் வீட்டுக் கலியாணத்துக்குப் பழைய தோழர்கள் போகிறார்களா?

முதல் மூன்றுக்கும் ஆம் என்று விடையளிக்கும் ஸ்தாபனங்கள் சில நம்மிடம் உண்டு. நான்காவதற்கும் ஆம் என்று சொல்லவல்லது எது என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும். நீங்கியவன் அஞ்சாமல் நம் தெருவில் நடந்து, நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தான் ஏன் நீங்கினேன் என்பதைச் சொல்ல இயலுமாயின், உள்ளே இருப்பவன் தன் விருப்பத்தால் இருக்கிறான் என்று நம்பலாம்.