மாத்திரை பாதி, உடம்பு மீதி

மாத்திரை போட்டால் கிருமி சாகும் என்றுதான் நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் நடந்த ஒரு பரிசோதனையைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

கிரிப்டோஸ்போரிடியம் என்று ஓர் ஒட்டுண்ணி. வாயில் நுழையாத பெயர். ஆனால் தண்ணீர் வழியாக வயிற்றில் சுலபமாக நுழைந்துவிடும். இது வந்து பேதியில் துவண்டு கிடந்த லுசாகா குழந்தைகளுக்கு நிட்டாசாக்ஸனைடு என்ற மருந்தை மூன்று நாள் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பகுதியினருக்கு டம்மி மருந்து. 2002-ல் முடிவு வெளியானது. எச்.ஐ.வி. இல்லாதவர்களில், மருந்து சாப்பிட்ட 25 பேரில் 14 பேருக்குப் பேதி நின்றது. டம்மி சாப்பிட்ட 22 பேரில் 5 பேருக்குத்தான்.

எச்.ஐ.வி. இருந்த குழந்தைகளுக்கு? மருந்தும் ஒன்றுதான், டம்மியும் ஒன்றுதான். அதே மருந்து, அதே மூன்று நாள்!

விஷயம் இதுதான். மருந்து ஒட்டுண்ணியின் பெருக்கத்தை அடக்கும். மிச்சத்தைத் தேடிப்பிடித்துத் தீர்த்துக்கட்டுவது நம் வெள்ளையணுக்களின் வேலை. அதிலும் சி.டி.4 என்கிற அணுக்கள்தான் மேஸ்திரி மாதிரி. எச்.ஐ.வி. முதலில் கை வைப்பதே மேஸ்திரி மேல்தான். அப்புறம் எத்தனை செங்கல் இறக்கி என்ன? அதனால்தான் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இந்தப் பேதியை நிறுத்த, பேதி மருந்தைவிட எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து முக்கியமாகிறது. சி.டி.4 ஏறினால் பேதி தானாக நிற்கிறது.

1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் இதே ஒட்டுண்ணி குழாய்த் தண்ணீரில் கலந்து சுமார் 4 லட்சம் பேர் படுத்தார்கள். பெரும்பாலோர் ஓரிரு வாரத்தில் எழுந்துவிட்டார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். இத்தனைக்கும் அது குளோரின் போட்ட தண்ணீர். இந்த ஜந்துவை குளோரின் ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தால் சாகும்.

எங்கள் மாமா கிட்னி மாற்றிக்கொண்டவர். புது கிட்னியை உடம்பு விரட்டிவிடாமலிருக்க எதிர்ப்புசக்தியை மட்டுப்படுத்தும் மாத்திரைகளை தினம் சாப்பிடுகிறார். இவர் மாதிரி ஆட்களுக்கு இந்தத் தொற்று வந்தால், அந்த மாத்திரைகளின் அளவைக் குறைக்க முடியுமா என்றுதான் டாக்டர்கள் முதலில் யோசிப்பார்கள். ரொம்பக் குறைத்தால் கிட்னிக்கு ஆபத்து; குறைக்காவிட்டால் ஒட்டுண்ணிக்குக் கொண்டாட்டம்.

மாமா கல்யாண வீட்டுக்கும் வெந்நீர் பிளாஸ்க்கோடுதான் வருவார். “ஆர்.ஓ. வாட்டர்தான் சார், குடிங்க” என்று உபசரித்தால், “இருக்கட்டும்ப்பா, பாயசம் மட்டும் சூடா கொண்டா” என்பார்.