கைராசி

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எங்கள் சீஃப் காலமானார். வயது 87. ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய், கூடத்தில் கிடத்தியிருந்த அவர் காலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கும்போது வலது கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. 1986-லிருந்து எனக்குப் பழக்கமான கை. அது குளிர்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அதற்குக் காரணம் உண்டு. வார்டில் நோயாளியின் வயிற்றைத் தொடும் முன்பு சீஃப் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொள்வார். மார்கழி என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ப்பார். "சில்லுன்னு கை வெச்சா வயிறு பயந்து இறுகிக்கும் தம்பி. அப்புறம் அது உங்கிட்ட உண்மையைச் சொல்லாது" என்பார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முன்னங்கையை வயிற்றின் மட்டத்துக்குத் தாழ்த்தி, வலிக்கிற இடத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். பார்வை மட்டும் நோயாளியின் முகத்தில் இருக்கும். புருவம் எந்த இடத்தில் சுருங்குகிறதோ, அந்த இடத்தில் விரல் நிற்கும்.

காவிரிக் கரையில் ஓர் ஊர். அங்கே அரசு மருத்துவமனையில் எம்.எஸ். படிக்கச் சேர்ந்து அவர் யூனிட்டுக்கு வந்தேன். எங்களுக்கு அவர் சீஃப். சிஸ்டர்களுக்குப் பெரிய டாக்டர். ஓ.பி. வரிசையில் நிற்கிற சனங்களுக்குக் கைராசிக்காரர். "அந்தக் கைராசிக்கார டாக்டர் இன்னிக்கு இருக்காருங்களா?" என்று கேட்டுத்தான் சீட்டு வாங்குவார்கள். அவர் லீவு என்றால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் வார்டில் பாதிக் கட்டில் அல்சர்காரர்கள்தான். அரிசிச் சோறு சாப்பிடும் தெற்கில் சிறுகுடல் புண் அதிகம், கோதுமை சாப்பிடும் வடக்கில் குறைவு என்று, மைசூரில் வேலை பார்த்த ஃபிராங்க் டோவி என்ற ஆங்கிலேய சர்ஜன் எழுதியிருந்தார். அதற்கு நாங்கள் கண்கண்ட சாட்சி. நாற்று நடவு முடிந்ததும் வருவார்கள், அறுவடை முடிந்ததும் வருவார்கள். பலருக்குப் புண் ஆறி ஆறித் தழும்பாகி, இரைப்பையின் வாசலே அடைத்திருக்கும்.

அப்படி வந்த ஒரு விவசாயி இன்னும் கண்ணில் நிற்கிறார். எலும்பும் தோலுமாக இருந்தார். "வயித்துல பந்து உருளுதுங்க. நேத்துக் காலையில தின்ன சோறு இன்னிக்குச் சாயங்காலம் வாந்தியா வருதுங்க" என்றார். சீஃப் கையைத் தேய்த்துக்கொண்டு, அவர் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்து மெல்லக் குலுக்கினார். "காதை வை" என்றார் என்னிடம். பாதி நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து நடந்தால் தண்ணீர் அலம்புமே, அந்தச் சத்தம். அந்த விவசாயி சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகியிருந்தது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, வயிற்றுக்குப் பக்கவாட்டில் டார்ச்சைப் பிடித்தார். இடது விலா எலும்புக்குக் கீழே ஒரு மேடு எழும்பி, மெதுவாக வலது பக்கம் உருண்டு போய் மறைந்தது. நோயாளி சொன்ன பந்து அதுதான். "அவர் சொன்ன ஒரு வார்த்தையில நோய் முழுக்க இருந்துது, கேட்டியா?" என்றார் சீஃப்.

அவரை உடனே தியேட்டருக்குக் கொண்டுபோகவில்லை. நான்கு நாள் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, உப்புத் தண்ணீரால் இரைப்பையைக் கழுவினோம். வாந்தியில் போன உப்பையும் பொட்டாசியத்தையும் ரத்தநாளம் வழியாக ஏற்றினோம். வறண்ட உடம்பில் கத்தி வைப்பது காய்ந்த நிலத்தில் நாற்று நடுவது போல என்பார் சீஃப். ஐந்தாம் நாள் ஆபரேஷன்.

இரைப்பைக்கு அமிலம் சுரக்க உத்தரவு கொண்டுபோவது வேகஸ் நரம்பு. அதை வெட்டிவிட்டால் அமிலம் குறையும், புண் ஆறும். ஆனால் இரைப்பையின் இயக்கமும் மந்தமாகிவிடும். அதனால் சாப்பாடு இறங்குவதற்குச் சிறுகுடலை இரைப்பையோடு சேர்த்துத் தைத்துப் புதுவழி விட வேண்டும். சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் 1943-இல் இந்த நரம்பு வெட்டும் முறைக்கு உயிர்கொடுத்தார். எங்கள் ஊருக்கு அதுவே அன்றாட வேலையாகி இருந்தது. அன்றைக்கு சீஃப் என் வலது கையைப் பிடித்து, கல்லீரலுக்கு அடியில், உணவுக்குழாய்க்குப் பின்னால் கொண்டுபோனார். "கொஞ்சம் கீழே இழு. இப்ப தட்டுப்படும்." இறுக்கிக் கட்டிய வீணைத் தந்தி போல ஒன்று விரலில் தெறித்தது. கண்ணால் பார்க்கும் முன்னே கையால் தெரிந்துகொண்ட அந்த விநாடி, இன்றும் என் விரல் நுனியில் இருக்கிறது.

அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கோபிக்க வேண்டிய நாள் ஒன்று வந்தது. நான் குடல்வால் எடுத்த ஒரு பையனுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு நாடி 130-ஐத் தாண்டியது. நான் போட்ட கட்டு நழுவி உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சீஃப் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வயிற்றைத் திரும்பத் திறந்து, கசிந்த நாளத்தைப் பிடித்துக் கட்டி, பையனின் நாடி இறங்கும் வரை பக்கத்திலேயே நின்றார். வெளியே நடுங்கிக்கொண்டிருந்த தாயிடம் அவரே போனார். "முதல்ல போட்ட கட்டு நழுவிடுச்சும்மா. என் யூனிட்ல நடந்தது, என் பொறுப்பு. இப்ப சரி பண்ணிட்டோம். காலையில பையன் உங்கிட்ட பேசுவான்." பேசினான்.

மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு காலித் தீப்பெட்டியையும் கறுப்புப் பட்டு நூலையும் எடுத்து மேசைமேல் வைத்தார். தீப்பெட்டியைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். பெட்டி மேசையைவிட்டு எழும்பக் கூடாது, நகரக் கூடாது. "பெட்டி எழும்பினா நாளம் பிய்ஞ்சுதுன்னு அர்த்தம்." மூன்று மாதம் தினமும் நூறு முடிச்சு. பிறகு ஒரு எவர்சில்வர் டம்ளரின் அடியில், விளக்கில்லாமல். அந்தப் பையனைப் பற்றி அதன்பின் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் அவர் எவ்வளவு பெரியவர் என்று எனக்குப் புரிந்தது தியேட்டரில் அல்ல. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ராபின் வாரனும் பாரி மார்ஷலும், இந்த அல்சர் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்று சொல்லியிருந்தார்கள். உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிறு வெந்து, அது இரைப்பை அழற்சியைத் தரும் என்று காட்டினார். அந்தச் சேதி எங்கள் வார்டுக்கு வந்து சேரப் பல வருஷம் ஆனது. 1993-இல், நான் அவர் யூனிட்டிலேயே உதவி மருத்துவராக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை ஆபரேஷன் லிஸ்டை வாங்கி, அதிலிருந்த அல்சர் கேஸ் மூன்றையும் பேனாவால் அடித்தார். மூவருக்கும் வாசல் அடைப்பு இல்லை, வெறும் புண்தான். இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதினார்.

மேற்படிப்பு படித்த பி.ஜி.க்களுக்கு வருத்தம். பரீட்சைக்கு முன் கை பழக வேண்டாமா என்று ஒருவர் கேட்டேவிட்டார். சீஃப் சொன்னார்: "மாத்திரையில போறதைக் கத்தியில எடுக்க நமக்கு உரிமை இல்லைப்பா."

முப்பது வருஷம் பாடுபட்டுச் சேர்த்த வித்தை. மாவட்டம் முழுக்க அவர் பெயர் நின்றதே அந்த ஆபரேஷனால்தான். அதை ஒரு பேனாக் கோட்டில் விட்டுக்கொடுத்தார். 1995-இல் ஓய்வு பெற்றார். வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தபோது நான் செய்தித்தாளோடு அவர் வீட்டுக்குப் போனேன். படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். "நான் நரம்பு வெட்டினவங்கள்ல சில பேருக்குச் சாப்பிட்டதும் படபடன்னு வந்து வேர்த்துக் கொட்டும், வயிறு போகும். அது நோய் கொடுத்தது இல்லை, நான் கொடுத்தது. அன்னிக்கு நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இனிமே வர்றவங்களுக்கு அது வேண்டாம்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது நிம்மதி.

இன்று நான் ஓய்வு பெற்று, ஒரு தனியார் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வேகஸ் நரம்பைத் தேடிப் போய் விரலால் தொட்ட ஒருவர்கூட அவர்களில் இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. சீஃபும் வருத்தப்பட மாட்டார். நான் ஏங்குவது வேறொன்றுக்கு. வயிற்று வலி என்று வருகிறவரை நேராக ஸ்கேன் அறைக்கு அனுப்பிவிட்டு, படம் வந்தபின் கட்டிலுக்குப் போகிறார்கள். படம் நன்றாகத்தான் சொல்கிறது. ஆனால் பந்து உருளுது என்று சொல்ல வந்த மனிதர், சொல்ல ஆளில்லாமல் படுத்திருக்கிறார்.

சனங்கள் சொன்ன கைராசி என்னவென்று எனக்கு இப்போது தெரியும். கையைச் சூடாக்கிக்கொள்வது, முகத்தைப் பார்ப்பது, தவறு நடந்தால் தாயிடம் நாமே போய்ச் சொல்வது, தேவையில்லை என்றால் கத்தியைக் கீழே வைப்பது. இவ்வளவும் பழக்கம்தான். பழக்கம் என்பதால் அதைக் கற்றுக்கொடுக்க முடியும்.

புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கும் ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி கொடுத்திருக்கிறேன். நாளைக் காலை ஏழரைக்கு ரவுண்ட்ஸ். படத்தைப் பார்க்கும் முன் வயிற்றைத் தொட வேண்டும், தொடும் முன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.