ஆம் வலப்பக்கம், இல்லை இடப்பக்கம்

மணி அடித்தால் எட்டு நிமிடம். தேநீர் அறையில் இருப்பவர், நூலகத்தில் குனிந்திருப்பவர், தெருவுக்கு அந்தப்புறம் அலுவலகத்தில் தொலைபேசியைக் காதில் வைத்திருப்பவர், எல்லாரும் அதற்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். எட்டு நிமிடம் ஆனதும் சபாநாயகர் கதவைப் பூட்டச் சொல்லிவிடுவார். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவர் மந்திரியானாலும் அவர் வாக்கு போனது போனதுதான்.

பிரிட்டன் மக்களவையில் பொத்தானை அழுத்தி வாக்களிப்பதில்லை. கை தூக்குவதும் இல்லை. நடக்க வேண்டும். அவையின் இருபுறமும் நீண்ட தாழ்வாரங்கள். சபாநாயகருக்கு வலப்பக்கம் உள்ளது ‘ஆம்’ என்பவர்களுக்கு, இடப்பக்கம் உள்ளது ‘இல்லை’ என்பவர்களுக்கு. உள்ளே நுழைந்து, பேர் பதிவாகி, கடைசி வாசலில் தலையெண்ணப்பட்டு வெளியே வந்தால் ஒரு வாக்கு. தரப்புக்கு இரண்டு பேராக நாலு பேர் எண்ணுகிறார்கள். எண்ணி முடித்து நால்வரும் மேசை முன் வரிசையாக நின்று தலை வணங்கும்போதே, எண் தெரியாவிட்டாலும் முடிவு தெரிந்துவிடும். தாளைக் கையில் வைத்திருப்பவர் எப்போதும் வென்ற தரப்பின் ஆள். 2019-இன் முதல் மூன்று மாதங்களில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகப் பிரதமர் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோதெல்லாம் அந்தத் தாள் ‘இல்லை’க்காரர் கையில்தான் இருந்தது.

மேலே பார்வையாளர் மாடம். முன்னால் கனத்த கண்ணாடித் தடுப்பு. கைதட்டக் கூடாது, பேசக் கூடாது. கீழே 650 உறுப்பினர்கள். பச்சைத் தோல் இருக்கைகளில் இடம் இருப்பதோ 427 பேருக்கு. முக்கியமான நாளில் படிக்கட்டுகளில் உட்காருகிறார்கள், வாசலோரம் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பணம் இல்லாமல் இப்படிக் கட்டிவிடவில்லை. 1941 மே மாதம் ஜெர்மன் குண்டுவீச்சில் பழைய அவை அழிந்தபோது, திரும்பக் கட்டுவது பற்றிய விவாதத்தில் சர்ச்சில் பிடிவாதமாக நின்றார்: அரைவட்டமாக வேண்டாம், நீள்சதுரமாகவே இருக்கட்டும், எல்லாருக்கும் இடம் இருக்கவும் கூடாது. அரைவட்டத்தில் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கட்சி மாறிவிடலாம். எதிரெதிர் இருக்கைகளில் என்றால் நடுவிலுள்ள தரையைத் தாண்டித்தான் போக வேண்டும், அதற்குத் துணிச்சல் வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தத் தரையில் சிவப்புக் கோடு இரண்டு. பேசுகிறவர் கால் கோட்டைத் தாண்டக் கூடாது.

இரண்டு பக்கம், இரண்டு கோடு, இரண்டு கதவு. எந்தக் கேள்விக்கும் இரண்டே பதில் என்று நம்பிக் கட்டிய கட்டடம்.

2016 ஜூன் 23 அன்று மக்கள் கையில் கொடுத்த சீட்டிலும் இரண்டே கட்டம்தான்: ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா. விலகுவது என்று 51.9 சதவீதம் பேர் சொன்னார்கள். எப்படி விலகுவது என்று யாரும் கேட்கவில்லை. சுங்க ஒன்றியத்தில் இருந்துகொண்டா, சந்தையில் மட்டும் ஒட்டிக்கொண்டா, நார்வே மாதிரியா, கனடா மாதிரியா, ஒன்றுமே இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டா? எல்லாமே விலகல்தான். அந்தச் சீட்டு அதைப் பிரித்துச் சொல்லவில்லை. பிரித்துச் சொல்லும் வேலை அவைக்கு வந்து சேர்ந்தது.

மே இரண்டு வருடம் பேசிக் கொண்டுவந்த ஒப்பந்தம் 585 பக்கம். முள் அதில் ஓரிடத்தில் இருந்தது. அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் சாலை அதைக் கடக்கிறது. 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு அங்கே காவல் கோபுரம் இல்லை, சோதனைச் சாவடி இல்லை. இனி அது ஒன்றியத்தின் எல்லையும் ஆகும். சாவடி திரும்பி வரக் கூடாது என்றால், வேறு வழி கிடைக்கும்வரை பிரிட்டன் முழுக்க ஒன்றியத்தின் சுங்க விதிகளுக்குள் இருக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். அப்படியென்றால் எப்போதுதான் வெளியேறுவது என்று கேட்டார்கள் விலகல்காரர்கள். வட அயர்லாந்துக்கு மட்டும் கூடுதல் விதிகளா என்று கேட்டது அங்குள்ள கட்சியான டி.யு.பி. அந்தக் கட்சியின் பத்து உறுப்பினர்கள் தயவில்தான் மேயின் ஆட்சியே நின்றது.

2019 ஜனவரி 15 இரவு, ஒப்பந்தத்துக்கு முதல் வாக்கெடுப்பு. தொழிற்கட்சியின் டியூலிப் சித்திக் சக்கர நாற்காலியில் வந்தார். நிறைமாதம், சிசேரியன் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார். வர முடியாதவருக்கு ஈடாக எதிர்த்தரப்பில் ஒருவர் வாக்களிக்காமல் இருந்துவிடுவது அங்கே பழைய ஏற்பாடு. ஆறு மாதத்துக்கு முன் அப்படி உறுதி கொடுத்த ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் மீறி வாக்களித்துவிட்டதால் நம்பிக்கை போயிருந்தது. எதிர்ப்பு 432, ஆதரவு 202. இவ்வளவு பெரிய தோல்வியை நவீன காலத்தில் எந்தப் பிரிட்டிஷ் அரசும் கண்டதில்லை. மறுநாளே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. முந்தின நாள் மேயைத் தோற்கடித்த சொந்தக் கட்சிக்காரர்களும் டி.யு.பி.யும் அன்று அதே ‘இல்லை’ தாழ்வாரத்தில் நடந்து அவரைக் காப்பாற்றினார்கள்: 325-க்கு 306. உன் ஒப்பந்தம் வேண்டாம், நீ இரு. அந்தக் குளிர்காலத்தில் இதில் யாருக்கும் முரண்பாடு தெரிந்ததாகத் தோன்றவில்லை.

மார்ச் 12-இல் இரண்டாம் முறை. மேயின் தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. 149 வாக்கில் தோல்வி. மூன்றாம் முறை கொண்டுவரப் போகிறார் என்றதும் சபாநாயகர் ஜான் பெர்கோ எழுந்தார். பெர்கோவுக்குத் தன் குரல் மீது ஆசை உண்டு. ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் உருட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுவார். ஒரே கேள்வியை ஒரே கூட்டத்தொடரில் இரண்டு முறை கேட்கக் கூடாது என்பது 1604-இலிருந்து இருக்கும் மரபு என்றார். நானூறு வருடத்துப் பழைய வழக்கம் பிரதமரின் வழியை மறித்து நின்றது. முன்வரிசையில் முகங்கள் வெளுத்தன. எதிரே சிலர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

மார்ச் 27 இரவுதான் இந்த நாடகத்தின் நடுக்காட்சி. அரசால் முடியாது, நாமே வழி கண்டுபிடிப்போம் என்று உறுப்பினர்கள் அன்றைய அலுவலைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். எட்டு யோசனைகள். எட்டுக்கும் தனித்தனியாக நடந்தால் விடிந்துவிடும் என்பதால் அன்று தாளில் வாக்கு. ஒவ்வொன்றுக்கும் நேரே ஆம் அல்லது இல்லை; எத்தனைக்கு வேண்டுமானாலும் ஆம் சொல்லலாம். எண்ணி முடிக்க இரவாகிவிட்டது. பெர்கோ வாசித்தார். ஒப்பந்தமில்லா விலகல்: ஆம் 160, இல்லை 400. விலகலையே ரத்து செய்வது: 184, 293. மக்களிடம் திரும்பக் கேட்பது: 268, 295. சுங்க ஒன்றியம்: 264, 272. மற்ற நான்கும் அதே கதி. வாசிக்க வாசிக்க அவையில் சிரிப்பு எழுந்தது. மாடத்திலிருந்து கேட்க அது வேடிக்கைச் சிரிப்பாக இல்லை. தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்று எட்டுத் தெருக்காரர்களும் வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, தேர் நிலையை விட்டு ஓரடி நகராத திருவிழாவில் வயசானவர்கள் சிரிப்பார்களே, அது.

அன்று மாலைதான் மே தன் கட்சிக்காரர்களிடம், ஒப்பந்தத்தை நிறைவேற்றுங்கள், நான் பதவி விலகிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். விலை நல்ல விலை. சிலருக்கு மனம் மாறியது. ஒப்பந்தத்தை வாய்க்கு வந்தபடி ஏசி வந்த போரிஸ் ஜான்சன் மார்ச் 29 அன்று ஆம் தாழ்வாரத்தில் நடந்தார். அதே கட்சியின் ஜேக்கப் ரீஸ்-மாக்கும் நடந்தார். டி.யு.பி.யின் பத்துப் பேரும் நடக்கவில்லை.

மார்ச் 29, வெள்ளிக்கிழமை. அன்று இரவு 11 மணிக்கு நாடு வெளியேறியிருக்க வேண்டும். அதற்காகவே சண்டர்லாந்திலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்தவர்கள் நாடாளுமன்றச் சதுக்கத்தில் கொடியோடு நின்றார்கள். ஆறு நாளைக்கு முன் இதே தெருக்களில் லட்சக்கணக்கானோர் நீலக் கொடியோடு எதிர்க்குரல் எழுப்பிப் போயிருந்தார்கள். பிக் பென் கோபுரத்தைச் சுற்றி மராமத்துச் சாரம். மணி 2017-இலிருந்தே ஊமை. உள்ளே ஆம் 286, இல்லை 344. வெளியே முடிவைக் கேட்டதும் ஒரே ஆரவாரம். ஒப்பந்தம் தோற்றதில் மகிழ்ந்தவர்களில் வெளியேறத் துடித்தவர்களும் இருந்தார்கள், வெளியேறவே கூடாது என்றவர்களும் இருந்தார்கள். பிரித்துப் பார்க்கக் கொடியைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அரசு இயந்திரமோ தேதியை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் நெரிசல் வந்தால் என்ன செய்வது என்று ஜனவரியில் கென்ட் மாவட்டத்தில் ஒத்திகை பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் லாரி வரும் என்ற கவலைக்கு 89 லாரி வந்தது. அவசரத்துக்குச் சரக்குக் கப்பல் விட ஒரு நிறுவனத்துக்கு 1.38 கோடி பவுண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதனிடம் ஒரு கப்பல்கூட இல்லை என்பது பிறகு ஊர்ச்சிரிப்பானது. மார்ச் 30 முதல், அட்டையில் ஐரோப்பிய ஒன்றியம் என்ற சொல் இல்லாத பாஸ்போர்ட்டுகள் வெளியாகத் தொடங்கின. நாடு உள்ளேதான் இருந்தது.

ஏப்ரல் முதல் தேதி, தெரிந்தெடுத்த நாலு யோசனைகளோடு திரும்ப ஒரு முயற்சி. விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே மாடத்தில் பருவநிலைப் போராட்டக்காரர்கள் சுமார் பன்னிரண்டு பேர் உடையைக் களைந்துவிட்டு, கண்ணாடியில் கையைப் பசைபோட்டு ஒட்டிக்கொண்டு, அவைக்குப் பின்புறத்தைக் காட்டி நின்றார்கள். கீழே பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தவில்லை. மேலே பார்ப்பதா வேண்டாமா என்று கழுத்துகள் தடுமாறியதுதான் மிச்சம்.

சுங்க ஒன்றியம் அன்று மூன்று வாக்கில் தோற்றது: 273-க்கு 276. அமைச்சரவையே எந்தப் பக்கமும் நடக்கக் கூடாது என்று உத்தரவு. வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சிக்கு ஏழு இடங்கள் இருந்தன. முடியாட்சிக்கு உறுதிமொழி எடுக்க மாட்டோம் என்று நூறு வருடமாக அவர்கள் லண்டன் அவைக்குள் வந்து உட்காருவதில்லை. எல்லைச் சிக்கலால் மற்ற யாரையும்விட நேரடியாகப் பாதிக்கப்படும் ஊர்களின் ஏழு வாக்குகள் அப்படி எண்ணிக்கையில் சேராமலே போயின. கொள்கை என்றால் கொள்கைதான். ஆனால் மூன்றுக்கும் ஏழுக்கும் உள்ள கணக்கு அன்று கண்ணை உறுத்தியது. நார்வே மாதிரி யோசனையை மாதக்கணக்கில் தூக்கிச் சுமந்த நிக் போல்ஸ், அது 261-க்கு 282 என்று விழுந்ததும் எழுந்து, என் கட்சி விட்டுக்கொடுக்க மறுக்கிறது, இனி இந்தக் கட்சியில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு வெளியே நடந்தார். போகாதே என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 3-இல் ஒரு திருத்தத்துக்கு 310-க்கு 310. சபாநாயகர் மரபுப்படி இல்லை என்று வாக்களித்தார். இதற்கு முன் அவை சமமாகப் பிரிந்தது 1993-இல். அதுவும் ஐரோப்பா விஷயம்தான், மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம். அப்போது எண்ணியது பிசகு என்று பிறகு தெரிந்தது. அதே ஏப்ரல் 3 இரவு, ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறக் கூடாது, அவகாசம் கேள் என்று பிரதமரைக் கட்டாயப்படுத்தும் மசோதா 313-க்கு 312 என்று ஒற்றை வாக்கில் தேறியது. மறுநாள் வரி பற்றிய விவாதத்தின் நடுவே பத்திரிகையாளர் மாடத்துக்கு மேல் கூரை ஒழுகி, அவையை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. கழிவுநீர் இல்லை என்று அதிகாரிகள் அவசரமாக விளக்கம் கொடுத்தார்கள்.

அவகாசம் அக்டோபர் 31 வரை கிடைத்தது. பிரதமர் பதவியிலிருந்து மே போனார், ஜான்சன் வந்தார். அந்த இலையுதிர்காலத்துக் கூத்து தனிக் கதை: அவையையே மூடிப் பார்த்தார், பதினொரு நீதிபதிகள் ஒருமனதாகச் செல்லாது என்றார்கள், இருபத்தொரு சொந்த உறுப்பினர்களைக் கட்சியின் அணியிலிருந்து நீக்கினார். அக்டோபர் 31 என்று தேதி பொறித்து அடித்த ஐம்பது பென்ஸ் நாணயங்கள் சுமார் பத்து லட்சத்தை உருக்க வேண்டியதாயிற்று. டிசம்பர் தேர்தலில் 80 இடப் பெரும்பான்மை கிடைத்ததும் முட்டுக்கட்டை ஒரே வாரத்தில் காணாமல் போயிற்று. அவையின் மனம் மாறவில்லை, ஆட்கள் மாறியிருந்தார்கள். 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு நாடு வெளியேறியபோது பிக் பென் அடிக்கவில்லை. அடிக்கவைக்க ஐந்து லட்சம் பவுண்டு ஆகும் என்றார்கள். பதிவுசெய்த ஓசையைப் போட்டுச் சமாளித்தார்கள்.

எல்லை? ஜான்சனின் ஒப்பந்தம் அதை அயர்லாந்து மண்ணிலிருந்து எடுத்துக் கடலில் வைத்தது. பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்குக்குச் சோதனை வந்தது. மேயின் ஒப்பந்தத்தை மூன்று முறையும் நிராகரித்த டி.யு.பி.க்குக் கிடைத்தது இது. 2022 பிப்ரவரியில் அந்தக் கட்சி பெல்ஃபாஸ்ட் அரசிலிருந்து வெளியேறியது. பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு சேர விரும்புவோர் என்ற இரு சமூகமும் சேர்ந்தால்தான் அங்கே ஆட்சி. ஒன்று விலகினால் எல்லாம் நிற்கும். மே மாதத் தேர்தலில் 90 பேர் ஜெயித்து வந்தார்கள். சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கக்கூட டி.யு.பி. ஒத்துழைக்கவில்லை. கூப்பிடுவார்கள், வருவார்கள், தேர்வு தோற்கும், கலைவார்கள். உறுப்பினர்களின் சம்பளத்தை லண்டன் குறைத்துப் பார்த்தது, அதற்கும் அசையவில்லை. இப்படியே இரண்டு வருடம். 2024 பிப்ரவரி 3, சனிக்கிழமை அன்றுதான் அவை முறையாக இயங்கத் தொடங்கியது. முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மிஷேல் ஓ'நீல், சின் ஃபெயின் கட்சிக்காரர்.