தேநீர் இடைவேளைக்கு முன்பே முடியும் வேலை

எங்கள் இயக்கத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் கையில் முதலில் ஒரு தடித்த ஃபைலைக் கொடுப்பார்கள். புலம்பெயர் தொழிலாளர்களுக்கான ஆசியான் மன்றம் 2008இல் மணிலாவில் முதன்முதலாகக் கூடியதிலிருந்து கொடுத்த பரிந்துரைகள் அத்தனையும் அதில் இருக்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அக்கா, தோட்டப் பள்ளியில் படித்து, தொழிற்சங்கத்தில் கிராணியாக இருந்து இங்கே வந்தவர். “முழுசா படிச்சிட்டு வா தம்பி, அப்புறம் பேசலாம்” என்றார். கோலாலம்பூர் வெயிலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படித்தேன். சலிப்பூட்டும் எழுத்துதான், மறைப்பானேன்.

ஆசியான் என்ற அரசாங்கங்களின் கூட்டமைப்புக்குள் நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அக்கா இரண்டு கதைகளில் சொல்லிவிடுவார். ஒன்று 2005, ஷா ஆலாம். ஆசியானின் மக்கள் இயக்கங்கள் முதல் மாநாட்டை அங்கேதான் கூட்டின. அந்த ஆண்டு உச்சநிலை மாநாட்டில் தலைவர்களையே சந்தித்துக் கருத்துச் சொல்லவும் முடிந்தது. இன்னொன்று 2009, தாய்லாந்தின் சா-ஆம் உச்சநிலை மாநாடு. நாட்டுக்கு ஒருவராகப் பத்துப் பேர் தலைவர்களைச் சந்திக்கப் போனார்கள். ஐந்து நாடுகள் தங்கள் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களை ஏற்க மறுத்துவிட்டன. ஆசியானின் மனித உரிமை ஆணையம் தொடங்கிவைக்கப்பட்டதும் அதே உச்சநிலை மாநாட்டில்தான்!

தொழிலாளர் மன்றம் அப்படியல்ல. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம், இயக்கங்கள் என்று நான்கு தரப்பும் ஒரே மேசையில் உட்காரும். அதற்கு முன் ஒவ்வொரு நாட்டிலும் ஆயத்தக் கூட்டம் உண்டு. வெளியூர்க் கூட்டத்துக்குப் பெட்டி கட்டுவதைவிட, உள்ளூர் ஆயத்தக் கூட்டத்துக்குத் தயாராவதில்தான் எங்கள் முக்கால்வாசி உழைப்பு போகிறது. மனிதவள அமைச்சின் அதிகாரி அங்கே ஒப்புக்கொள்ளாததை மணிலாவிலோ ஹனோயிலோ போய் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

நான் உருப்படியாகக் கற்றது அட்டவணை போடுவதை. இடப்பக்கம் பழைய பரிந்துரைகள், மேலே நாடுகளின் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நாடு என்ன செய்தது, எந்த ஆண்டு, எந்தச் சட்டம், எந்தச் சுற்றறிக்கை. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று அரசு சொன்ன கட்டத்தை அக்கா மஞ்சள் அடிக்கச் சொல்வார். சில வரிசைகள் முழுக்கவே மஞ்சள்.

கடப்பிதழ் வரிசையைச் சொல்கிறேன். தொழிலாளியின் கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படியே குற்றம். 2017இல் மணிலாவில் தலைவர்கள் கையெழுத்திட்ட ஆசியான் இணக்க ஆவணமும், கடப்பிதழைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்கிறது. அப்படியும் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் கையில் இருப்பது நகல்தான். இதற்காக மைக்கைப் பிடித்துக் கொதித்தால் அதிகாரி குனிந்து கைப்பேசியைப் பார்ப்பார். அக்கா செய்வது வேறு. ஒரே தாள், ஒரு பக்கம் மலாய், மறுபக்கம் ஆங்கிலம். முதல் வரியில் அந்த அரசே ஏற்றுக்கொண்ட வாசகம், அதற்குக் கீழே நடந்த சம்பவம் ஒன்று, கடைசியில் நாங்கள் கேட்கும் ஒரே ஒரு காரியம். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே அது அதிகாரியின் கைக்குப் போய்விடும். தேநீர் இடைவேளையில் அவர் வந்து கேள்வி கேட்டால் பாதிக் காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

ஏன் இவ்வளவு பணிவு என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன். அக்கா சொன்ன காரணம் இதுதான்: ஆசியானில் வாக்கெடுப்புக்கு வழக்கமில்லை, எல்லாம் ஒருமித்த சம்மதத்தில் நடக்கிறது. ஒரு நாடு தலையசைக்காவிட்டால் வரி அப்படியே விழுந்துவிடும். 2007 ஜனவரியில் செபுவில் புலம்பெயர் தொழிலாளர் உரிமைகளுக்கான ஆசியான் பிரகடனம் வந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் ஆவணத்துக்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொழிலாளர்களை அனுப்பும் இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கேட்டன, வரவழைக்கும் மலேசியாவும் சிங்கப்பூரும் இசையவில்லை. ஆவணமில்லாத தொழிலாளர்களைச் சேர்ப்பதா என்பதிலும் இழுபறி. கடைசியில் வந்தது கட்டுப்படுத்தாத ஆவணம். பத்து வருடக் காத்திருப்புக்கு இது போதாது என்பது என் எண்ணம். அக்காவுக்கு அதிலேயே திருப்தி. “கேக்குறதுக்கு ஒரு பேப்பராவது இருக்கே” என்பார். இந்த விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இப்போது அட்டவணையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2025 அக்டோபரில் திமோர்-லெஸ்தே பதினோராவது உறுப்பினராகச் சேர்ந்ததால் மேலே ஒரு பெயர் கூடியிருக்கிறது. அந்தப் பத்தியை யாரை வைத்து நிரப்புவது என்று டிலியில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். தேத்தும் மொழியும் போர்த்துகீசும் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.